மருத்துவத்துக்கும் ஒரு மகமை



மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம் பிழைப்பே நடக்கிறது. ஒரு மூட்டை துவரம் பருப்பை எந்த மாதத்தில் எடுக்கலாம், யாரிடம் எடுத்தால் எடை குறையாது, ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் ஒரே ஒரு சரக்கை மட்டும் நாம் எல்லோரும் மிக மோசமான முறையில் வாங்குகிறோம். விலை விசாரிக்க நேரமில்லாமல், தரம் பார்க்கத் தெரியாமல், நடுராத்திரியில், கேட்ட முன்பணத்தைக் கட்டி, ஒற்றை ஆளாகப் போய் வாங்குகிறோம். மருத்துவ சிகிச்சைதான் அந்தச் சரக்கு.

இதை இப்படிச் சில்லறையாக வாங்கிக்கொண்டிருக்கும்வரை நம்மில் எவரும் நோய்க்குப் பயப்படாமல் இருக்க முடியாது. ஊரே கூடி மொத்தமாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். அதற்கு வழி என்ன, பணம் யார் தருவது, நம் சங்கம் இதில் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

பேரேடு சொல்லும் சேதி

நான் மயிலாப்பூரில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்பவன். மந்தைவெளி, அடையாறு, மாம்பலம், தியாகராய நகர் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறேன். 15 நாள் தவணையில் ஒழுங்காகப் பணம் அனுப்பியவர் திடீரென்று 45 நாள் இழுத்தால், பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் பெரிய கடை வந்திருக்கும்; வீட்டில் கல்யாணம் வந்திருக்கும்; அல்லது யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். கல்யாணம் என்றால் மனிதர் முன்னதாகவே வந்து சொல்லிவிடுவார். பெரிய கடை வந்தால் ஆறு மாதம் போராடிப் பார்ப்பார். ஆஸ்பத்திரிச் செலவுதான் சொல்லாமல் வருவது. கடையில் இருக்கும் முதலை அப்படியே எடுத்துக்கொண்டு போவதும் அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், நல்ல ஓட்டமுள்ள கடை. நெஞ்சுவலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முன்பணத்துக்கு அன்றைய கல்லா போயிற்று. ஆபரேஷனுக்கு மனைவியின் நகை போயிற்று. வீட்டுக்கு வரும்போது கொடுத்த கடைசி பில்லுக்கு வட்டிக்கு வாங்கினார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆறே மாதத்தில் அலமாரி பாதி காலி. சரக்கு இல்லாத கடைக்கு யார் வருவார்? இப்போது அவர் வேறொருவர் கடையில் கணக்கு எழுதுகிறார். அவர் சூதாடவில்லை, ஊதாரித்தனம் செய்யவில்லை. நோய் வந்தது, அவ்வளவுதான்.

இது ஒருவர் கதை என்று தள்ளிவிட முடியாது. மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, 2013-14-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதத்தை மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் சில்லறைக் கணக்கில்தான் போயிருக்கிறது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு அரசு காப்பீடு இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. சுமார் 1.4 கோடி குடும்பங்கள் இதில் உள்ளன. ஆட்சி மாறினாலும் திட்டம் நின்றுவிடவில்லை என்பது நம் மாநிலத்துக்குப் பெருமை.

ஆனால் இதில் சேர ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன் இது ரூ.72,000 ஆக இருந்தது. உயர்த்தியது நல்ல காரியம். இருந்தாலும் மாதத்துக்குப் பத்தாயிரம்தான் வரம்பு. பாண்டி பஜாரில் மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் கடை ஊழியரே இந்தக் கணக்குப்படி வரம்பைத் தாண்டிவிடுகிறார். கடை வைத்திருக்கும் நாம் எங்கே?

மறுபக்கம், சம்பளக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஆனால் கடைகளைப் பொறுத்தவரை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான் கட்டாயம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இரண்டு பேர், நான்கு பேர் வைத்து நடத்துபவர்கள். அரசு ஊழியருக்கு அவர்கள் திட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரருக்குக் கம்பெனி பாலிசி எடுத்துத் தருகிறது. நடுவில் நிற்பவர்கள் கடைக்காரரும் அவருடைய ஊழியரும்தான். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, நாட்டு மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் இப்படி எந்தக் காப்பீடும் இல்லாமல் நடுவில் விடுபட்டிருப்பதாகச் சொல்லியது. சிறுவியாபாரிகளும் அதில் அடக்கம்.

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்று காலண்டரில் அச்சடித்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நம் தொழிலோடு கூடவே வருகின்றன.

மகமையை மறந்துவிட்டோமா?

இதற்கான வழியை வெளிநாட்டுப் புத்தகத்தில் தேட வேண்டாம். நம் பெரியவர்கள் செய்து காட்டியதுதான். அதன் பெயர் மகமை.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த நம் உறுப்பினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று விற்பனையில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். பெரிய வியாபாரிக்கு மூட்டை அதிகம், ஆகவே மகமையும் அதிகம். சிறியவருக்கு அவர் அளவு. அந்தப் பணத்தில் கோவில் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகரில் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். அங்கே படித்த பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லோரும் கட்டணம் கட்டக் கூடியவர்களா? இல்லை. பிள்ளை இல்லாதவரும் மகமை கொடுத்தார். பிள்ளை உள்ளவர் வீட்டில் விளக்கு எரிந்தது.

மகமையில் மூன்று குணங்கள் இருந்தன. ஒன்று, தேவை வருவதற்கு முன்பே பணம் சேர்ந்தது. இரண்டு, அவரவர் சக்திக்குத் தக்கபடி கொடுத்தார்கள். மூன்று, 'எனக்கு வேண்டாம், நான் விலகிக்கொள்கிறேன்' என்று சொல்ல வழியில்லை. மூட்டை வாங்கினால் மகமை உண்டு. உலக நாடுகள் 'அனைவருக்கும் மருத்துவம்' என்று இன்று பேசுவதன் சாரமும் இந்த மூன்றுதான்.

மூன்றாவது குணம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஆயிரம் கடைக் குடும்பங்கள் ஒரு நிதியில் சேர்கின்றன. ஒரு வருடத்தில் 30 குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது, தலைக்கு ரூ.60,000. மொத்தம் ரூ.18 லட்சம். ஆயிரத்தால் வகுத்தால் குடும்பத்துக்கு ரூ.1,800. ஒரு டின் எண்ணெய் விலைகூட இல்லை.

இப்போது 'விருப்பம் உள்ளவர் சேரலாம்' என்று அறிவித்தால் என்ன ஆகும்? திடகாத்திரமாக இருப்பவர் சேர மாட்டார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாத நூறு குடும்பங்கள்தான் சேரும். அந்த நூறில் 20 குடும்பங்களுக்குச் செலவு வந்தால் ரூ.12 லட்சம், தலைக்கு ரூ.12,000. இதைக் கேட்டதும் அடுத்த வருடம் 40 பேர் விலகுவார்கள். மிஞ்சிய 60-ல் 18 பேருக்குச் செலவு வந்தால் தலைக்கு ரூ.18,000. அதற்கடுத்த வருடம் நிதியே இருக்காது. தனியார் பாலிசியின் பிரீமியம் வயதானால் ஏறிக்கொண்டே போவதற்கும், சேரும்போதே ஆயிரம் கேள்வி கேட்பதற்கும் இதுதான் அடிப்படைக் காரணம்.

ஆகவே எல்லோரும் சேர வேண்டும். விருப்பத்துக்கு விட்டால் நடக்காது.

அடையாறு காட்டிய வழி

நம் பகுதியிலேயே இதை முயன்று பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி. அவர் 1958-ல் தொடங்கிய தன்னார்வ மருத்துவச் சேவை நிறுவனத்தைத்தான் அடையாறு, தரமணிப் பக்கத்தில் வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி என்கிறோம். அங்கே அவர் கொண்டுவந்த திட்டத்தில், குடும்பங்கள் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவருக்குக் குறைந்த சந்தா. நோய் வராதபோதே கட்டி வைத்து, வந்தபோது பயன்படுத்திக்கொள்வது. காப்பீடு என்ற வார்த்தை நம் வீடுகளில் புழங்காத காலத்திலேயே ஒரு சென்னை டாக்டர் மருத்துவத்துக்கு மகமை வைத்தார்.

அதே அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நன்கொடை கொடுத்த குடும்பங்கள் நம் வணிகர்களிலும் உண்டு. அதன் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் நன்கொடை என்பது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. மகமை என்பது முறை. அறுபத்து மூவர் திருவிழாவன்று மாட வீதிகளில் மோரும் பானகமும் சோறும் கொடுக்கிறோம். அந்த ஒரு நாளைக்கு மயிலாப்பூரில் யாரும் பசியோடு போவதில்லை. மீதி 364 நாளைக்கு நியாய விலைக் கடைதானே அரிசி போடுகிறது? மருத்துவத்திலும் தர்மம் ஒரு நாளைக்கு உதவும். வருஷம் முழுவதற்கும் ஏற்பாடு வேண்டும்.

மொத்தக் கொள்முதலின் பலம்

எல்லோரும் சேர்ந்தால் பணம் மட்டுமா சேருகிறது? விலை பேசும் பலமும் சேருகிறது. இது நமக்குத் தெரிந்த சங்கதி.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் அமைக்கப்பட்டு 1995 முதல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வழங்கி வருகிறது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரே பட்டியல், மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு தொகுதியும் பரிசோதனை முடிந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம். பாஸ் புத்தகத்தில் வரவும் பற்றும் பார்த்து டாக்டர்கள் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நம் கிடங்குக் கணக்கைப் போலத்தான். பல மாநிலங்கள் இங்கே வந்து பார்த்து, இதே மாதிரி அமைத்துக்கொண்டன. தனித்தனி ஆஸ்பத்திரி தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்த விலை படிந்திருக்குமா?

இன்னொன்று சொல்கிறேன். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட், மருந்து பூசிய ரகம், லட்ச ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு நிர்ணயித்தது, ரூ.29,600, அதற்கு மேல் வரி. அதே பொருளின் விலை ஒரே உத்தரவில் கால்வாசிப் பக்கம் இறங்கியது. அப்படியானால் அதுவரை கொடுத்தோமே, அது என்ன விலை? கேட்க ஆளில்லாதபோது சொன்ன விலை.

முதலமைச்சர் காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்த அட்டைக்காரருக்கு அதே தொகையில் செய்கின்றன. 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தில் அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிரீமியம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.849. அதிகச் செலவுள்ள சில சிகிச்சைகளுக்கு அரசு தனி நிதியும் வைத்திருக்கிறது. அதையும் சேர்த்தால் அடக்கம் கூடும். இருந்தாலும் நாம் தனியாக வாங்கும் பாலிசியின் விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடிக் குடும்பம் சேர்ந்தால் வரும் விலைக்கும், ஒற்றைக் குடும்பம் போய்க் கேட்டால் வரும் விலைக்கும் உள்ள தூரம் அது.

பிற நாடுகளில் என்ன செய்தார்கள்?

தென் கொரியா 1977-ல் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் கட்டாயக் காப்பீட்டைத் தொடங்கியது. படிப்படியாகச் சிறு நிறுவனங்களுக்கு இறங்கி வந்தது. 1988-ல் கிராமத்து மக்கள். 1989-ல் நகரத்துச் சுயதொழில்காரர்கள், அதாவது நம்மைப் போன்ற கடைக்காரர்கள். அங்கேயும் கடைசியாக வந்தது நாம்தான்! ஆனால் 12 வருடத்தில் நாடு முழுவதும் உள்ளே வந்துவிட்டது. பிறகு 2000-ல், தனித்தனியாக இருந்த நூற்றுக்கணக்கான காப்பீட்டுச் சங்கங்களை ஒன்றாக இணைத்துவிட்டார்கள். சிறு சிறு நிதிகள் தாங்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 1997 நாணய நெருக்கடியில் அடிபட்டு எழுந்த நாடு, 2002-ல் நாடு முழுவதற்கும் '30 பாட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சம்பளக்காரர் திட்டத்தில் இல்லாத அத்தனை பேருக்கும், கடைக்காரர் உட்பட, அரசு வரிப்பணத்திலிருந்து சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட் மட்டும் கொடுத்தால் போதும். சிறுவியாபாரியிடம் மாதச் சந்தா வசூலிக்க ஆள் வைப்பதைவிட வரியிலிருந்தே எடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

இலங்கையில் 1951-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பல தலைமுறையைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. ஆனால் 2022-ல் கஜானா வற்றியபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததையும் பார்த்தோம். அரசின் கையிருப்பு எப்படியோ அப்படித்தான் இலவசமும்.

நம் நாட்டிலேயே ராஜஸ்தான் 2021-ல் ஒரு காரியம் செய்தது. ஏழைகளுக்கு இலவசம், மற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு ரூ.850 கட்டினால் அதே அரசுக் காப்பீட்டில் சேரலாம், மீதியை அரசு போட்டுக்கொள்ளும் என்று கதவைத் திறந்தது. வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பாமல், பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

தமிழ்நாடும் ஒரு விஷயத்தில் வருமானம் பார்க்கவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், நம் மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. எந்த ஊர்க்காரர், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்பதில்லை. விபத்துக்குச் செய்ததை மாரடைப்புக்கும் செய்யலாமே.

சிலர் கேட்கும் கேள்விகள்

'ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், தொழில் வரி கட்டுகிறோம், லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறோம். இதற்கும் தனியாக ஏன் கட்ட வேண்டும்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1946-ல் போர் கமிட்டி, பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று சுதந்திரத்துக்கு முன்பே எழுதி வைத்தது. 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதமாகத்தான் இருந்தது. ஆகவே அரசு தன் பங்கை முழுதாகப் போடவில்லை என்பது உண்மை. அதைக் கேட்கத்தான் வேண்டும். பிலிப்பைன்ஸ் நாடு 2012-ல் மது, புகையிலை வரியை உயர்த்தி, கூடுதலாக வந்த தொகையில் பெரும்பகுதியை ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. இங்கே டாஸ்மாக் பணத்தில் ஒரு பங்கை அப்படித் தனிப் பேரேட்டில் எழுதச் சொல்லலாம். ஆனால் அரசு முழுப் பங்கும் போடும்வரை காத்திருப்பேன் என்றால், நோய் காத்திருக்காது.

'இ.எஸ்.ஐ. போனால் வரிசையில் நிற்க வேண்டும்' என்பது இன்னொரு புகார். கூட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு என்ன கட்டுகிறோம் என்று பாருங்கள். 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். அதாவது ரூ.487.50-ம் ரூ.112.50-ம், மொத்தம் 600 ரூபாய். அதற்கு ஊழியருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். பெண் ஊழியருக்கு 26 வாரம் பிரசவகால முழுச் சம்பளம். இந்த விலைக்கு வேறு எந்தக் கம்பெனி இத்தனையும் தரும்? தியாகராய நகர்க்காரர்களுக்குக் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை கூப்பிடு தூரம். கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலம் சட்டம் செய்தது. நாற்காலியோடு நம் கடமை முடிந்துவிடுமா? கால் வீங்கிப் போனால் அந்தப் பெண் எங்கே போவாள்?

'என்னிடம் பாலிசி இருக்கிறது' என்பவர்கள் உண்டு. சந்தோஷம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது, அது நல்ல உதவி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த விலக்கு குழு பாலிசிக்குத் தரப்படவில்லை. ஒற்றை ஆளாக வாங்கினால் வரி இல்லை. சங்கமாகச் சேர்ந்து வாங்கினால் வரி! எது ஊக்கப்படுத்தப்பட வேண்டுமோ அதற்குத்தான் வரி.

'அப்படியானால் சங்கமே ஒரு நிதி வைத்து நடத்தலாமே' என்றும் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஆயிரம் கடை சேர்ந்த நிதிக்கு, கொரோனா மாதிரி ஒரு கெட்ட வருடம் வந்தால் போதும், கதவை மூட வேண்டியதுதான். கொரிய நாட்டுச் சங்கங்களின் அனுபவம் இதைத்தான் சொல்கிறது. வசூல் நம்முடையதாக இருக்கட்டும். போய்ச் சேரும் இடம் மாநில அளவில் பெரிய நிதியாக இருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

அடுத்த பொதுக்குழுவில் நான்கு தீர்மானங்களை முன்வைக்க விரும்புகிறேன்.

ஒன்று: 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும் முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் சம்மதித்தால் தாமாகவே இ.எஸ்.ஐ.யில் சேரலாம். நம் உறுப்பினர் கடைகள் எல்லாம் சேர வேண்டும். பதிவு வேலை தெரிந்த ஒருவரைச் சங்கம் அமர்த்தி, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்று இடத்திலும் வாரம் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பழைய பாக்கி கேட்பாரோ என்று பயந்து ஒதுங்கியவர்கள் பலர். அந்தப் பயத்தைப் போக்கத்தான் 2025 ஜூலையில் பழைய பாக்கி கேட்காத ஒரு பதிவுத் திட்டமே கொண்டுவந்தார்கள். அதே சலுகையைச் சிறு கடைகளுக்கு நிரந்தரமாகக் கேட்போம்.

இரண்டு: இ.எஸ்.ஐ. ஊழியரைக் காக்கும், கடை முதலாளியைக் காக்காது. எனவே, 1989-ல் தொடங்கிய வணிகர் நல வாரியத்தில் பதிவு செய்த வியாபாரிகள், வருமான வரம்பு பாராமல், பணம் கட்டி முதலமைச்சர் காப்பீட்டில் சேர அனுமதிக்குமாறு அரசைக் கேட்க வேண்டும். கட்டணம் விற்றுமுதலுக்கு ஏற்ப இருக்கட்டும். பெரியவர் கூடுதலாகக் கட்டட்டும், நானும் கட்டுகிறேன். ஆனால் சேர்ந்தால் சங்கம் முழுவதும் சேர வேண்டும். ஆண்டு லைசென்ஸ் புதுப்பிக்கும்போதே இந்த மகமையும் வசூலாகட்டும்.

மூன்று: குழு மருத்துவப் பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. விலக்குத் தருமாறு ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு எழுத வேண்டும்.

நான்கு: 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பார்த்து மாத்திரை தருகிறது. நாம்தான் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. கடை வீதிக்கே மாதம் ஒரு நாள் வருமாறு மாநகராட்சியைக் கேட்போம். அந்த அரை மணி நேரத்துக்கு ஊழியரை அனுப்ப முகம் சுளிக்காதிருப்போம். நாமும் கையை நீட்டுவோம். மாரடைப்புக்கு ஆகும் செலவில் எத்தனை வருட மாத்திரை வாங்கலாம் என்பது நமக்குத் தெரியாத கணக்கா?

இவற்றில் முதலாவதும் நான்காவதும் நம் கையிலேயே இருக்கின்றன. யாரிடமும் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். மற்ற இரண்டுக்கும் கூட்டமாகப் போய்க் கேட்டால்தான் காது கொடுப்பார்கள். பொதுக்குழுவுக்கு வரும்போது ஒவ்வொருவரும் இரண்டு எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்: கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சென்ற வருடம் வீட்டுக்கும் ஊழியர்களுக்குமாக மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாயிற்று. பெயர் எழுத வேண்டாம். அந்தச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தீர்மானம் வேண்டுமா வேண்டாமா என்று பேசுவோம்.